காற்றின் மேல் போட்ட பழி

என்னிடம் அப்போது ஓர் ஆம்ப்ளிபயர் இருந்தது. ராமநாதபுரம் வட்டாரத்தில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிவேன். கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும் சொல்வேன். மதுரையில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, அவர் கடையிலேயே குந்தி உட்கார்ந்து, பத்துப் பன்னிரண்டு நாள் அவர் உயிரை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பெட்டி அது. வெளியே பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு, உள்ளே வால்வுகள். கார் பேட்டரியில் ஓடும். எங்கள் பக்கம் பாதி ஊர்களுக்குக் கரண்ட் வராத காலம் அது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது, விளக்குதான் இன்னும் வரவில்லை.

மற்ற மைக் செட்காரர்களின் பெட்டியில் ஒரே ஒரு குமிழ் இருக்கும். ஏற்றினால் அலறும், இறக்கினால் முனகும், அவ்வளவுதான் அவர்களுடைய வித்தை. என்னுடையதில் ஆறு. முதல் இரண்டும் இரண்டு மைக்குகளுக்கு. மூன்றாவது கிராமபோனுக்கு. இந்த மூன்றிலிருந்தும் வருகிற சத்தமெல்லாம் நடுவில் இருந்த சிவப்புக் குமிழுக்கு வந்து சேரும். அதற்குப் பெயர் மாஸ்டர். எந்த மைக் எப்படிக் கத்தினாலும் மாஸ்டர் விட்டால்தான் வெளியே போக முடியும். சிவப்பு பெயிண்ட் நான் அடித்தது. ஒரு கெத்துக்குத்தான்.

கடைசி இரண்டும்தான் என் செல்லப் பிள்ளைகள். ஒன்று குரலின் கனத்தைக் கூட்டும், குறைக்கும். இன்னொன்று குரலின் மேல்சத்தத்தை, அந்தக் கீச்சை, கூட்டும் குறைக்கும். நான் அவற்றுக்குக் கனம், கீச்சு என்றே பெயர் வைத்திருந்தேன். மெக்கானிக் சொன்ன இங்கிலீஷ் பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் கண்டுபிடித்த ஒரு விஷயம் உண்டு. ஒருவர் பேசுவது நமக்குப் புரிவது அவர் குரலின் கீச்சினால்தான். கனம் வெறும் சத்தம். கீச்சை முழுக்க இறக்கிக் கனத்தை முழுக்க ஏற்றினால், ஊரே அதிரும்படி குரல் வரும், ஆனால் ஒரு வார்த்தை விளங்காது. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். கேட்கிறவர்களுக்குச் செட்டில் கோளாறு என்று தோன்றாது, சத்தம்தான் நன்றாக வருகிறதே! பேசுகிறவர் குரல் அப்படி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதை நான் முதலில் நல்ல காரியத்துக்குத்தான் பயன்படுத்தினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பிறவியிலேயே அயோக்கியன் என்று ஆகிவிடும். கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டில், குரல் தேய்ந்துபோன பெரியவர் ஒருவர் துஆ ஓதினார். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல். நான் கனத்தைக் குறைத்து, கீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மாஸ்டரை, மைக் ஊளையிடத் தொடங்குகிற எல்லை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். தெருக்கோடியில் நின்றவர்கள்கூட ஒவ்வொரு சொல்லுக்கும் ஆமீன் சொன்னார்கள். ஓதி முடித்ததும் பெரியவர் என்னைக் கூப்பிட்டு என் தலையில் கையை வைத்தார். அந்த வீட்டுச் சாப்பாட்டை விட அந்தக் கை எனக்கு ருசித்தது. ஒரு குரலை எழுப்பி நிறுத்துகிறவன் நான் என்கிற நினைப்பு அன்றிலிருந்துதான் தலைக்கு ஏறியது.

நான் கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆள். மிளகாய்க்கும் பருத்திக்கும் நடுவில் வளர்ந்தவன். தொழிலுக்காகத்தான் கடற்கரைக்கு வந்தேன். கடலைப் பார்த்தால் அழகாக இருக்கும், அதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. காற்று என்றால் காற்று. வேட்டியைத் தூக்கும், மைக்கில் புஸ்ஸென்று அடிக்கும், மைக்கின் மேல் கைக்குட்டையைக் கட்ட வேண்டும். என் கடல் ஞானம் அவ்வளவுதான். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

சாயல்குடிக்கும் கீழக்கரைக்கும் இடையில் கடலை ஒட்டி ஒரு குப்பம். முப்பது நாற்பது குடிசைகள், வெள்ளையடித்த சின்ன மாதா கோயில் ஒன்று. எல்லாரும் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். சுற்றி எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். கோயிலுக்குப் பின்னால் தாழைப் புதர் ஓரத்தில் மட்டும் மணலைப் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் அங்கே குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும்.

அந்தப் பக்கத்துக்கு அரசாங்கம் ஒரு கிணறு வெட்டித் தருவதாக இருந்தது. ஒரே ஒரு கிணறு. அதை எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. குப்பத்து மக்கள் கோயிலுக்குப் பின்னால் வேண்டும் என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர், ரோட்டு ஓரத்தில் தன் பனந்தோப்புக்குள் வெட்டட்டும், எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் என்றார். தோப்பு ஒரு மைல் தூரம். இடத்தைப் பார்த்து, இரண்டு பக்கமும் கேட்டு முடிவு செய்ய மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் போட என்னைக் கூப்பிட்டது தலைவர்.

காலையிலேயே போய்விட்டேன். குப்பத்துக்கு வெளியே மணலில் ஓலைப் பந்தல். பந்தலுக்கு மேல் ஒரு ஹார்ன் ஸ்பீக்கர், சற்றுத் தள்ளி ஒரு பனைமரத்தில் இன்னொன்று. பந்தலுக்கு முன்னால் மைக். கூட்டம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிர, இத்தனை பேர் ஏன் தொழிலுக்குப் போகாமல் கரையில் இருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

அதிகாரி வருவதற்கு முன்னால் தலைவர் என்னிடம் வந்தார். நான் வழக்கமாகச் செட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிப் பெட்டியின் மேல்தான் உட்காருவேன். அவர் பந்தலுக்குள் திரும்பி, ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். எனக்கு! அதிகாரிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, பிறகு எனக்கு ஒன்று. என்னுடையதை மைக்குக்கு ஆறடி பக்கத்தில் போட்டார்கள். நான் உட்கார்ந்ததும் குனிந்து கேட்டார்.

"ஏலே, உம் பெட்டியில என்னென்னமோ வித்தை இருக்குங்கிறாகளே, நெசமா?"

"இருக்குங்கய்யா."

"குப்பத்துல இருந்து ஒரு பொம்பள பேசப் போகுது. அது பேசுனா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாப் பேசும். சபை கொஞ்சம் அமைதியா நடக்கணும்டே. அது பேசுறது ரொம்பக் காதுல குத்தாம பாத்துக்கிருவியா? செட்டை நிறுத்தவும் கூடாது, சத்தத்தைக் கொறைக்கவும் கூடாது. ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. முடியுமா ஒன்னால? முடியாதுன்னா சொல்லிரு."

அவர் மிரட்டவில்லை. எதையும் தருவதாகச் சொல்லவும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. பயந்து செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முடியுமா என்று கேட்டார். என் வித்தை முழுவதையும் தெரிந்துகொண்டு கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது.

"சத்தம் கூடவே வரும்யா. ஆனா ஒண்ணும் வெளங்காது" என்றேன். தொழில் ரகசியத்தைச் சொல்கிற சந்தோஷத்தோடு சொன்னேன்.

அவர் சிரித்து என் தோளைத் தட்டினார்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். வந்ததும் தாழைப் புதர்ப் பக்கம் நடந்து போய் ஒரு குழியைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு பந்தலில் தலைவருக்கு அடுத்து உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். ஹார்ன் அவர் தலைக்கு நேர் மேலே.

முதலில் தலைவர் பேசினார். ரோடு, லாரி வந்து போக வசதி, எல்லா ஊருக்கும் பொது. கனமும் கீச்சும் சரிசமமாக, மாஸ்டர் பாதியில். ஒவ்வோர் எழுத்தும் உடைத்த தேங்காய் மாதிரி விழுந்தது. நான் அவ்வளவு அக்கறையாக வைத்திருந்தேன்.

பிறகு அந்த அம்மாள் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கலாம். மீன் கூடையைத் தலையில் வைத்து சுற்று ஊர்களுக்கு நடந்து போய் விற்கிறவர். குப்பத்தில் அவரை ஏன் பேச அனுப்பினார்கள் என்றால், ஒன்று, தண்ணீரைப் பற்றி அதைச் சுமக்கிறவர்தான் பேச வேண்டும். இன்னொன்று, அவருடைய குரல். கரையில் நின்று அவர் கூப்பிட்டால் கடலில் நிற்கிற வள்ளத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று சொல்வார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றார். தலையை ஒருமுறை கோயில் பக்கம் திருப்பிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஐயாமார்களே" என்று தொடங்கினார். நான் மாஸ்டரை ஏற்றினேன். ஊளை கிளம்பியது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் பயந்துபோய் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தச் சாமான் எனக்கு வேணாம் தம்பி. நான் சும்மாவே பேசுறேனே. கேக்கும்."

கேட்டிருக்கும். அந்த அமைதியில் அவர் சும்மா பேசியிருந்தால் அதிகாரிக்கு என்ன, ரோட்டில் போகிற மாட்டு வண்டிக்காரனுக்கும் கேட்டிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நாற்காலியை விட்டு எழுந்து போனேன். அவர் முழங்கையைத் தொட்டு மைக்கின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"ஆபீசர் வந்திருக்காகல்ல அக்கா. மைக்குலதான் பேசணும். அதுதான் மரியாதை. நீங்க பேசுங்க, நான் பாத்துக்கிறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து கீச்சை முழுக்க இறக்கினேன். கனத்தை முழுக்க ஏற்றினேன். மாஸ்டரை, ஊளை வராத எல்லை பார்த்து நிறுத்தினேன். அவர் பேசினார். பந்தல் அதிர்ந்தது. ஹார்ன் இரண்டும் உறுமின. ஆனால் அதில் மனிதப் பேச்சு என்று ஒன்று இல்லை. நான் அவருக்கு ஆறடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அவர் வாயை நேராகப் பார்த்துக்கொண்டு, ஹார்னின் உறுமலுக்கு அடியில் அவர் சொந்தக் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதெல்லாம் எனக்கு விழுந்தது.

"ஐயா, தோப்புல மழை காலத்துல வர்ற தண்ணியப் பாத்து ஏமாந்துராதீக. முந்தி ஒரு தரம் அங்கன தோண்டியிருக்கு. ரெண்டு சித்திரைதான் தாங்குச்சு, மூணாஞ் சித்திரை உப்பாப் போச்சு. தூந்து போன அந்தக் குழி இன்னும் கெடக்கு, வாங்க, கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன். எங்க தாழைக்குப் பின்னால முழங்கை ஆழத்துல இளநி மாதிரித் தண்ணி. எந்தச் சித்திரைக்கும் உப்பானதில்ல. வயித்துப்பிள்ளைக்காரிக எல்லாம் அந்தக் குழியில குனிஞ்சு குனிஞ்சு செரட்டையால மோந்துக்கிட்டு இருக்காளுக. அதுல ஒரு கெணத்த வெட்டி, சுத்திக் கல்லுக் கட்டிக் குடுத்தீகன்னா அதுவே போதும்."

அவ்வளவு தெளிவு. அவ்வளவு சுருக்கம். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேரின் பேச்சுக்கு மைக் போட்டிருக்கிறேன், அப்படிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

நடுவில் அதிகாரி நோட்டிலிருந்து நிமிர்ந்து, என்னைப் பார்த்துக் காதருகே கையை ஆட்டினார். விளங்கவில்லை, சரி செய் என்று அர்த்தம். நான் உடனே பரபரவென்று குமிழ்களைத் திருகினேன். எவற்றை? யாரும் பேசாத இரண்டாவது மைக்கின் குமிழையும், தட்டே போடாத கிராமபோனின் குமிழையும். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, இப்படியும் அப்படியும் திருகினேன். பெட்டியின் பின்னால் போய் ஒரு வயரைக்கூடப் பிடுங்கிச் சொருகினேன். நாடகத்தில் நடிக்க யாராவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

அவர் பேசி முடித்ததும் குப்பத்து ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அதனால் அந்த உறுமலிலும் அவர்களுக்கு அது கேட்டுவிட்டது. கேட்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை.

அதிகாரி எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"என்னப்பா, அந்தம்மா சொன்னது எனக்கு ஒண்ணுமே பிடிபடலை. நீ பக்கத்துலதானே இருந்தே, என்ன சொன்னாங்க?"

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வித்தை காட்டியாயிற்று. தலைவர் கேட்டதைச் செய்து முடித்தாயிற்று. இப்போது அரசாங்கமே என் முன்னால் வந்து நின்று, என்ன சொன்னார் என்று கேட்கிறது. நான் கேட்டதைக் கேட்டபடி நாலு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லக்கூடியவனாக அவர் எதிரில் நின்றது நான் ஒருவன்தான். தலைவர் அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். முறைக்கக்கூட இல்லை. சும்மா பார்த்தார்.

"எனக்கும் சரியா விழலீங்க சார்" என்றேன். அதோடு விடாமல், "கடல் காத்து சார். கொரலை அள்ளிக்கிட்டுப் போயிருது" என்றேன்.

அதிகாரியும் என்னைப் போலக் கடல் தெரியாத ஆள். கடலைத் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பனைமரத்தில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

தலைவர் முன்னால் வந்தார். "பொதுவா எல்லாருக்கும் ஒதவுற எடமாப் பாத்து வெட்டுங்கன்னு சொல்லுது சார், வேற ஒண்ணுமில்ல" என்றார். அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த அம்மாள் தூரத்தில் பெண்களோடு நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஜீப் கிளம்பும்போது கும்பிட்டார். போகிற போக்கில் என்னையும் பார்த்துக் கும்பிட்டார்.

கிணறு தோப்புக்குள் வெட்டப்பட்டது. குப்பத்து ஆட்கள் பதறிப்போய் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே, உங்கள் ஆள் அன்றைக்குப் பேசியது யாருக்கும் புரியவில்லை, இப்போது வந்து கேட்டு என்ன பிரயோஜனம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் என் காதுக்கும் வந்தது. நான் கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் போகும்போது வண்டிக்காரனை அந்தத் தோப்பைத் தாண்டும்வரை மாட்டை விரட்டச் சொல்வேன். ஒருநாள் குடங்களோடு பெண்கள் வரிசையாக எதிரே வந்தார்கள். நான் ஹார்னை மடியில் வைத்துத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். துடைக்கத் துணிகூடக் கையில் இல்லை.

வெட்கம் என்பது வந்துவிட்டுப் போகிற சமாச்சாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்தால் வெட்கம், மறுநாள் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. எங்கே செட் போட்டாலும், யாராவது ஒரு பெண் மைக் முன்னால் வந்து நின்றால் என் கை தானாகக் குமிழ்களுக்குப் போகும். கனமும் கீச்சும் சரியாக இருக்கிறதா என்று ஒன்றுக்கு நாலு முறை பார்ப்பேன். பார்த்து என்ன செய்ய?

மறு வருடம் மாதா கோயில் திருநாளுக்குக் குப்பத்திலிருந்தே ஆள் வந்தது. மைக் செட் நீங்கள்தான் போட வேண்டும் என்றார்கள். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. "அன்னைக்கு எங்களுக்காக அம்புட்டுப் பாடுபட்டீகளே, ஒங்கள விட்டுட்டு வேற ஆளுகிட்டப் போவமா?" என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

திருநாள் அன்று மத்தியானம் கோயில் வாசலில் உட்கார்ந்து வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு செம்புமாக வந்தார். குடத்தை இறக்கி வைத்து, செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"தாழை ஊத்துத் தண்ணி தம்பி. வெயில்ல வந்திருக்கீக, குடிங்க."

செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தேன். அவர் சொன்னது போலவே இளநீர்தான். ஒரு துளி உப்பு இல்லை.

"தோப்புக் கெணறு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இந்தச் சித்திரைக்கே உப்புக் கரிக்க ஆரம்பிச்சிருச்சு. நான் ரெண்டு வருசம் தாங்கும்னு நெனச்சேன்" என்றார். பிறகு எனக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தார். "ஆபீசர் மறுபடியும் வாராராம். எங்க ஆளுக மனுக் குடுத்துருக்காக. என்னையப் பேசச் சொல்றாக. நான் மாட்டேன்னுட்டேன். போன தரம் எம் பேச்சாலதானே கெட்டுச்சு. நான் பேசி மறுபடியும் கெட்டுப் போச்சுன்னா இந்தப் பிள்ளைக மொகத்துல முழிக்க முடியுமா?"

நான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க எனக்காக அன்னைக்கு என்னென்னமோ திருகித் திருகிப் பாத்தீக. நான் பேசிக்கிட்டேதான் ஒங்களப் பாத்தேன். மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு ஒங்களுக்கு. நீங்க மிசின் தெரிஞ்சவுக, அதனால ஒங்ககிட்டக் கேக்குறேன் தம்பி. எங்கொரல்ல என்ன கொறை? சொல்லுங்க. இன்னும் நாள் இருக்கு. திருத்திக்கிற முடியும்னா திருத்திக்கிறேன்."

கூடை சுமந்து சுமந்து வழுக்கை விழுந்த உச்சித் தலை, கையில் மீன் முள் கீறிய தழும்பு, கண்ணில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கவனம். நான் என்ன சொன்னாலும் மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பழகுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். உண்மை வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"ஒங்க கொரல்ல ஒரு கொறையும் இல்லக்கா. அன்னைக்குக் காத்து. கடல் காத்து கொரலை அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. அவ்வளவுதான்."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. குறை இல்லை என்று சொன்னதற்காக. பிறகு அந்த மலர்ச்சி அப்படியே நின்றது. தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். விரலை மடக்கி எதையோ நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி இருந்தது. காற்றை வைத்துப் பிழைக்கிறவர்கள் அவர்கள். எந்த நாளில் கச்சான் காற்று அடித்தது, எந்த நாளில் வாடை திரும்பியது என்று, நாம் கல்யாண நாளை நினைவு வைத்திருப்பது போல வைத்திருப்பார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அன்னைக்குக் காத்தே இல்லையே தம்பி" என்றார், மெதுவாக. "காத்து செத்து மூணு நாளாக் கெடந்துச்சே. பாய் விரிக்க முடியாமத்தானே ஆம்பளைக எல்லாம் கரையில இருந்தாக. அதனாலதானே கூட்டத்துக்கே அம்புட்டுப் பேரு வந்தாக."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பச்சைப் பெட்டியையும், அதிலிருந்த குமிழ்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். கத்தவில்லை, வையவில்லை. கத்தியிருந்தால் கடலில் நிற்கிறவனுக்கும் கேட்டிருக்கும்.

எழுந்தார். என் கையிலிருந்த செம்பை வாங்கினார். அதில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைச் சிந்தாமல் குடத்துக்குள் திரும்ப ஊற்றிக்கொண்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.